சைக்கிள் ரேஸ் ஹெல்மெட்: பார்த்து வாங்குங்கள், சரியாக மாட்டுங்கள், விழுந்தால் தூக்கிப் போடுங்கள்

உங்கள் ஹெல்மெட்டைத் திருப்பி, உள்ளே ஒட்டியிருக்கும் மெத்தைத் துண்டுகளைப் பிய்த்தெடுத்துவிட்டுப் பாருங்கள். வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு நுரை தெரியும். புது டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே தெர்மாகோல், அதேதான் இது. அடர்த்தி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 2,000 ரூபாய் ஹெல்மெட்டிலும் 20,000 ரூபாய் ஹெல்மெட்டிலும் பெரும்பாலும் இந்த நுரைதான் தலையைக் காப்பாற்றுகிறது. மேலே பளபளவென்று இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் ஓடு.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஈசிஆரில் கோவளம் தாண்டி எட்டுப் பேராகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். நாய் குறுக்கே வந்தது, முன்னால் போனவர் பிரேக் அடித்தார், என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தில் உரசியது, அடுத்த நொடி நான் தரையில். முழங்கையில் தோல் போனது, தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. தலை தரையில் பட்ட சத்தம் காதில் கேட்டது, ஆனால் தலை வலிக்கவில்லை. ஹெல்மெட்டில் ஒரு கீறல், அதுவும் நகத்தால் கிழித்த அளவுக்கு. "ஒண்ணும் ஆகல, நல்ல ஹெல்மெட்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு அதையே ஆறு வாரம் போட்டுக்கொண்டு ஓட்டினேன், அதோடு ஒரு ரேஸும் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் வியர்வை நாற்றம் தாங்காமல் மெத்தையைக் கழற்றித் துவைக்கப் போனபோது பார்க்கிறேன், வலது நெற்றிப்பொட்டுக்கு நேரே நுரையில் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு விரிசல். ஆறு வாரமாக நான் மாட்டிக்கொண்டு போனது ஹெல்மெட் இல்லை, வெறும் தொப்பி.

அந்த நுரை எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் மற்றதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது நொடிக்கு 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேலான வேகத்தில் இருக்கும். மண்டையோடு நேராகத் தாரில் மோதினால் அந்த வேகம் முழுவதும் சில மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். இடையில் நுரை இருந்து அது 2 சென்டிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால், அதே வேகம் 2 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கிறது. கணக்குப் போட்டால் புவியீர்ப்பைப் போல சராசரியாக நூறு மடங்கு விசை வரும். பெரிய எண்தான், ஆனால் நுரை இல்லாவிட்டால் அது இன்னும் பல மடங்கு. விஷயம் என்னவென்றால், நசுங்கிய நுரை திரும்ப எழும்பாது. ஸ்பாஞ்ச் மாதிரி இல்லை. ஒருமுறை உழைத்துவிட்டால் அந்த இடத்தில் அதன் கதை முடிந்தது. ஓடு மட்டும் பழையபடி நிமிர்ந்து நின்று, ஒன்றும் ஆகாத மாதிரி நம்மை ஏமாற்றும்.

வாங்கும்போது

உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தேடுங்கள். ஐரோப்பியத் தரம் என்றால் ஈஎன் 1078 என்று இருக்கும், அமெரிக்கத் தரம் என்றால் சிபிஎஸ்சி. ஈஎன் சோதனையில் தட்டையான இரும்பின் மேல் மணிக்கு சுமார் 19.5 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டைப் போடுகிறார்கள், உள்ளே இருக்கும் பொம்மைத் தலைக்குப் போகும் அதிர்ச்சி 250 ஜியை, அதாவது புவியீர்ப்பைப் போல 250 மடங்கை, தாண்டக்கூடாது. சிபிஎஸ்சி 2 மீட்டரிலிருந்து, அதாவது மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் போடுகிறது, வரம்பு 300 ஜி. இதைக் கேட்டதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "நான் 45-ல் போகிறேனே, 20 கி.மீ. சோதனை எனக்கு எதற்கு?" சரியான கேள்விதான். நீங்கள் முன்னோக்கிப் போகும் வேகம் வேறு, தலை கீழே விழும் வேகம் வேறு. ரோட்டில் வழுக்கி விழும்போது முன்னோக்கிய வேகத்தில் பெரும்பகுதி தேய்ந்து தேய்ந்து தீர்கிறது (அதற்குத்தான் தோல் போகிறது), தலை தரையை நோக்கி விழும் வேகம் உங்கள் உயரத்தைப் பொறுத்தது. ஆனால் எதிரே ஒரு கம்பமோ கான்கிரீட் கல்லோ இருந்தால் இந்தச் சமாதானம் செல்லாது. அங்கே முழு வேகமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

அடுத்து, சில ஹெல்மெட்டுகளுக்குள் இருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் வலை, மிப்ஸ். ஸ்வீடனில் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரும் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து கொண்டுவந்தது. தலை பெரும்பாலும் செங்குத்தாக மோதுவதில்லை, சாய்வாக மோதுகிறது, அப்போது மண்டை ஒரு வெட்டு வெட்டித் திரும்புகிறது, உள்ளே மூளை குலுங்குவது அந்தத் திருகலால்தான் அதிகம். மிப்ஸ் அடுக்கு ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் 10, 15 மில்லிமீட்டர் வழுக்க விட்டு அந்தத் திருகலைக் கொஞ்சம் குறைக்கிறது. இதே வேலையை வேறு விதமாகச் செய்யும் ஹெல்மெட்டுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளை இப்படிச் சாய்வாக மோதவிட்டு நட்சத்திரம் போட்டு வெளியிடுகிறது. இலவசமாகப் பார்க்கலாம், நட்சத்திரம் அதிகமாகவும் மதிப்பெண் குறைவாகவும் இருந்தால் நல்லது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் மேய்ந்தால் ஒன்று புரியும், விலைக்கும் பாதுகாப்புக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கூடுதல் பணம் பெரும்பாலும் எடைக்கும் காற்றோட்டத்துக்கும் அழகுக்கும் போகிறது. முதல் வருடம் ரேஸ் ஓட்டுகிறவர் அந்தப் பணத்தை நல்ல டயரில் போடலாம் என்பது என் கட்சி.

வாங்கக்கூடாதது இரண்டு. ஒன்று, செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட். விற்கிறவர் பொய் சொல்கிறார் என்று இல்லை, என்னை மாதிரி அவருக்கே தெரியாமல் இருக்கலாம். இரண்டாவது, பெரிய பிராண்ட் பெயர் போட்டு ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு ஆன்லைனில் வருவது. போலி ஹெல்மெட்டில் ஓடு, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், நுரைதான் வேறாக இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது என்று பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஐஎஸ் 4151 என்பது மோட்டார் சைக்கிளுக்கான தரம். அதைப் போட்டுக்கொண்டு மே மாதத்தில் 60 கி.மீ. மிதித்துப் பாருங்கள், விழுவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும்.

அளவும் மாட்டுவதும்

தையல் டேப் எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுகளுக்கு மேலே, பின்மண்டையின் புடைப்பான இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தும் நெற்றி மட்டும் வலிக்கிறது என்றால் உங்கள் தலை உருண்டை, ஹெல்மெட் முட்டை வடிவம். நிறைய ஐரோப்பிய மாடல்கள் அப்படித்தான் இருக்கும், வேறு பிராண்ட் பாருங்கள், பழகிவிடும் என்று நினைக்காதீர்கள். கடையில் பத்து நிமிடம் போட்டுக்கொண்டே நில்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

மாட்டியதும் முதலில் ஸ்ட்ராப்பைப் போடாமல், பின்னால் இருக்கும் டயலை மட்டும் திருகிவிட்டுக் குனிந்து தலையை ஆட்டுங்கள். கழன்று விழக்கூடாது. ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்க வேண்டும். நம் ஊரில் பத்தில் ஆறு பேர் அதைப் பின்னால் தள்ளி, நெற்றி முழுக்கத் தெரிய, கல்யாண மாப்பிள்ளை தலைப்பாகை மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். விழும்போது தரையில் படுவது அந்தத் திறந்த நெற்றிதான். இரண்டு பக்கமும் ஸ்ட்ராப்புகள் காதுமடலுக்குக் கீழே வி வடிவில் சேர வேண்டும். பக்கிளைப் போட்டபின் தாடைக்குக் கீழே ஒரு விரல், மிஞ்சிப்போனால் இரண்டு விரல் நுழையலாம். கடைசிச் சோதனை, கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பெரிதாகத் திறங்கள். ஹெல்மெட் உச்சந்தலையை அழுத்த வேண்டும். அழுத்தவில்லையென்றால் ஸ்ட்ராப் தொளதொளவென்று இருக்கிறது.

ஜடை போட்டிருப்பவர்கள் கழுத்துக்குத் தாழ்வாகப் போட்டுக்கொள்ளுங்கள், உச்சிக்கொண்டையின் மேல் ஹெல்மெட் உட்காராது, ஆடும். உள்ளே மெல்லிய சைக்கிள் தொப்பி போடலாம், தடிமனான துண்டைக் கட்டிக்கொண்டு அதற்கு மேல் மாட்டாதீர்கள். ரேஸ் முடித்து ஹெல்மெட்டைக் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டு வெயிலில் மூன்று மணி நேரம் விட்டுவிடுவது இன்னொரு வழக்கம், சூட்டில் நுரை உருமாறும், ஒட்டு விடும். பெட்ரோல், தின்னர் இரண்டும் கிட்டவே வரக்கூடாது, அழுக்குக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

விதி எப்படி வந்தது

உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐயின் விதி, ஹெல்மெட் பொறுப்பை ஓட்டுகிறவர் தலையிலேயே வைக்கிறது. தரச்சான்று உள்ளதாக இருக்க வேண்டும், சரியாக மாட்டியிருக்க வேண்டும், எதையும் சேர்க்கவோ கழற்றவோ கூடாது, ஏற்கனவே அடிபட்ட ஹெல்மெட்டாக இருக்கக்கூடாது. நான் அந்த ஆறு வாரத்தில் ஓட்டிய ரேஸ், கறாராகச் சொன்னால், விதிப்படி செல்லாது.

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. 1991-ல் யூசிஐ கட்டாயமாக்கப் பார்த்தபோது பாரிஸ்-நீஸ் ரேஸில் வீரர்களே போராட்டம் செய்தார்கள், யூசிஐ பின்வாங்கியது. புழுக்கம் தாங்காது, எங்கள் தலை எங்கள் இஷ்டம் என்பது வாதம். 1995 டூர் டி பிரான்ஸில், போர்டே டாஸ்பே மலை இறக்கத்தில் ஃபாபியோ கசார்டெல்லி தலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார், தலை ரோட்டோரக் கான்கிரீட் கல்லில் மோதி இறந்தார். பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அதன் பிறகும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில் கஜகஸ்தானின் ஆந்த்ரே கிவிலெவ் விழுந்து மறுநாள் இறந்தார், அதுவும் அதே பாரிஸ்-நீஸ் ரேஸில்தான். அந்த மே மாதம் ஹெல்மெட் கட்டாயமானது. அப்போதும் ஒரு விலக்கு வைத்தார்கள், ரேஸ் மலையுச்சியில் முடிந்தால், கடைசி ஏற்றம் 5 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், அங்கே கழற்றிப் போடலாம் என்று. சில வருடத்தில் அதுவும் போனது.

ஏலகிரியிலும் கொல்லிமலையிலும் நம்மவர்கள் அந்த விலக்கை இன்னும் நடைமுறையில் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொள்வது. மணிக்கு 9 கி.மீ.-ல் ஏறும்போது என்ன ஆகிவிடும் என்பார்கள். எதிரே பஸ் இறங்கி வரும் என்பது ஒருபுறம். இன்னொருபுறம், மேலே போய் டீ குடித்து, போட்டோ எடுத்து, பேச்சு சுவாரசியத்தில் அப்படியே இறங்கத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வளைவில்தான் ஞாபகம் வரும்.

விழாமல் இருக்க, விழும்போது

2011-ல் இத்தாலியின் பெரிய ரேஸான ஜீரோ டி இட்டாலியாவில் வௌட்டர் வெய்லாண்ட் ஒரு மலை இறக்கத்தில் விழுந்து இறந்தபோது அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. எதற்குச் சொல்கிறேன் என்றால், ஹெல்மெட் போட்டதும் இறக்கத்தில் கூடுதல் தைரியம் வருகிறவர்கள் உண்டு. மேல்குழாயில் உட்கார்ந்துகொண்டு குறுகி இறங்கும் அந்த ஸ்டைலை யூசிஐ 2021 ஏப்ரலில் தடைசெய்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹீரோக்களுக்குச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.

குரூப்பில் விழுவதற்கு முதல் காரணம், எனக்கு நடந்ததுதான், சக்கரம் சக்கரத்தோடு உரசுவது. உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நீளும்படி ஓட்டாதீர்கள், அவர் ஒரு சாண் நகர்ந்தால் போதும். அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது பின்னால் இருக்கும் நீங்கள். பார்வை அவருடைய டயரில் இருக்கக்கூடாது, அவர் தோளுக்கு மேலாக இரண்டு மூன்று பேரைத் தாண்டிப் போக வேண்டும். பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள், வெடுக்கென்று அடித்தால் பின்னால் இருக்கும் ஏழு பேருக்கும் அது சங்கிலியாகப் போகும். குழி, மணல், நாய் எதுவானாலும் கையால் காட்டுங்கள், கூடவே வாயாலும் கத்துங்கள். ஹேண்டில்பார் முனையில் அடைப்பான் இருக்கிறதா என்று பாருங்கள், அது விழுந்துபோன குழாய், விழும்போது தொடையில் வட்டமாக வெட்டும். மிகச் சின்னப் பொருள், ரேஸில் அது இல்லாவிட்டால் ஸ்டார்ட் லைனில் நிறுத்திவிடுவார்கள்.

விழுவது உறுதியாகிவிட்டால் யோசிக்க அரை நொடிகூடக் கிடைக்காது, ஆனாலும் ஒன்றைப் பழகலாம். கையை நீட்டி ஊன்றாதீர்கள். நீட்டிய கையிலிருந்து அதிர்ச்சி நேராகக் காறை எலும்புக்குப் போகிறது, சைக்கிள்காரர்களிடம் அடிக்கடி உடைவது அதுதான். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே, தாடையை மார்போடு ஒட்டி, தோளைச் சுருட்டிக்கொண்டு உருள முடிந்தால் நல்லது. புல்தரையில் மெதுவான வேகத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் உரசி ஓட்டிப் பழகுங்கள். பாதி விபத்து உரசலால் வருவதில்லை, உரசியதும் பயந்து ஹேண்டிலை வெட்டுவதால் வருகிறது.

விழுந்தபின்

விழுந்த ஆளை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். நம் ஊர் நல்ல மனசு அது, ஆனால் கழுத்து வலி என்றாலோ கை கால் மரத்திருக்கிறது என்றாலோ அசைக்கவே கூடாது. ஒருவர் பின்னால் 50 மீட்டர் போய் வண்டிகளைத் திருப்பிவிட வேண்டும், ஒருவர் 108-க்கு அடிக்க வேண்டும். மூச்சுக்குத் தடையாக இருந்தாலொழிய ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள்.

எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணும் இல்ல, போலாம்" என்கிறவரைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். 2020 டூர் டி பிரான்ஸில் ரோமான் பார்டே விழுந்தார், எழுந்து நின்று தள்ளாடினார், பிறகு சைக்கிளில் ஏறி மீதித் தூரத்தையும் ஓட்டி முடித்தார். மாலையில் பரிசோதித்தபோது மூளை குலுங்கிப்போயிருந்தது தெரிந்தது. மறுநாள் ரேஸை விட்டார், பிறகு எடுத்த ஸ்கேனில் மூளையில் சிறு ரத்தக்கசிவும் தெரிந்தது. யூசிஐ 2021-லிருந்து கன்கஷனுக்கு, அதாவது மூளை குலுங்கிப்போவதற்கு, தனி நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. ரோட்டோரத்திலேயே கேட்கக்கூடிய கேள்விகள் அதில் உண்டு. நாம் இப்போது எங்கே இருக்கிறோம், இது என்ன ரேஸ், கடைசியாக எந்த ஊரைத் தாண்டினோம், எப்படி விழுந்தாய்? பதில் தடுமாறினாலோ, அவரே கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, நடை தள்ளாடுவது என்று எது இருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. நினைவு தப்பியிருந்தால், ஒன்றுக்கு மேல் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் நேராக ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். லேசான கன்கஷன் என்றாலும் முதல் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, எல்லா அறிகுறியும் போனபின் குறைந்தது ஒரு வாரம் ரேஸ் இல்லை, ஜூனியர்களுக்கு இரண்டு வாரம் என்பது அந்த நெறிமுறை.

இறக்கம் முடிந்ததும் கீழே நின்று தலைகளை எண்ணுங்கள். 2024 சூரிக் உலகப் போட்டியில் 18 வயது மூரியல் ஃபுரர் மழையில், காட்டுப் பகுதியில் விழுந்து, யாரும் கவனிக்காமல் வெகுநேரம் கிடந்தார், மறுநாள் இறந்துவிட்டார். உலகப் போட்டியிலேயே அப்படி என்றால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின்தங்கி வருகிற ஒருவரை யார் கவனிப்பார்கள்?

தோல் உரிந்த காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் மண் போகக் கழுவுங்கள், எரியும், வேறு வழியில்லை. மஞ்சள்தூள், காப்பித்தூள் வேண்டவே வேண்டாம், டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது படும் வலி விழுந்ததைவிட மோசம். டெட்டனஸுக்கான டிடி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிளில் ஹேண்டில் திரும்பியிருக்கிறதா, பின்னால் கியர் மாற்றும் பாகம் (டிரெயிலியர்) வளைந்து சக்கரக் கம்பியில் மாட்டுமா, கார்பன் ஃபோர்க்கில் கீறலா விரிசலா என்று பார்த்தபிறகுதான் ஏற வேண்டும்.

கடைசியாக ஹெல்மெட். தலை பட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மெத்தையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில், நுரையை இரண்டு கையாலும் லேசாக விரித்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டாலும் அதே முடிவுதான், நசுங்கல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். சில கம்பெனிகள் விபத்தில் போன ஹெல்மெட்டுக்குப் பதில் தள்ளுபடியில் வேறு தருகின்றன, பில்லைப் பத்திரமாக வையுங்கள். விழவே இல்லை என்றாலும் மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். விற்பனைக்காகச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனாலும் நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஐந்தாவது வருடம் ஸ்ட்ராப்பே நைந்துவிடுகிறது.

குப்பையில் போடுவதற்கு முன் ஸ்ட்ராப்பைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், யாராவது எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடாது. நான் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் உட்கார்ந்து அப்படி வெட்டிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் அண்ணன் வந்து, "தம்பி, ஏன் வீணாக்குறீங்க, பையனுக்குக் கொடுத்தா ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போவான்" என்றார். திருப்பி அந்த விரிசலைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார், மறுபடி நிமிர்த்தி ஓட்டைப் பார்த்தார். "வெளிய நல்லாத்தானே தம்பி இருக்கு?" என்றார்.